ஊசிக்கும் பேட்ச் நம்பர் உண்டு!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அதை அப்படியே தலைகீழாகப் போட்டால் முகச்சுருக்கம் போக்கும் ஊசி வந்துவிடும். நஞ்சையே துளி அளவில் கொடுத்தால் அமிர்தமாம்! போட்டுலினம் டாக்ஸின் என்பது அந்த நஞ்சின் பெயர். மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. ஊர் அறிந்த பெயர் போடாக்ஸ். உண்மையில் போடாக்ஸ் என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் மட்டுமே. எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்று சொல்வது போல, எந்தக் கம்பெனி ஊசி போட்டாலும் போடாக்ஸ் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் வரை ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. 1998-ல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-ல் ரெனோ நிசான் கூட்டணி ஒரகடத்தில் கார் ஆலையைத் திறந்தது. பைக், டயர், கண்ணாடி, லாரி, செல்போன் என்று இன்று இங்கே செய்யாத பொருள் குறைவு. இந்த ஆலைகளுக்குள் ஒரு போல்ட் கூட அநாதையாக நுழைய முடியாது. அதற்குப் பார்ட் நம்பர் உண்டு, பேட்ச் நம்பர் உண்டு. எந்த சப்ளையர் அனுப்பியது, எந்தத் தேதியில் வந்தது, இன்கமிங் இன்ஸ்பெக்ஷனில் யார் பார்த்தது என்று எல்லாமே பதிவில் இருக்கும். அதை முடுக்கும் டார்க் ரெஞ்சின் மேல் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கரில் தேதி தாண்டிவிட்டால் அந்த ரெஞ்சைத் தொடக் கூடாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த டிரெய்னிக்குக் கூட இது தெரியும்.

அதே மனிதர் ஷிஃப்ட் முடிந்து வந்து, முகத்தில் ஊசி போட்டுக்கொள்ள நாற்காலியில் சாயும்போது என்ன கேட்கிறார்? "எவ்வளவு ஆகும்? எத்தனை மாசம் நிற்கும்? நடிகைங்க போடுறது இதுதானே?"

அவ்வளவுதான். பேட்ச் நம்பர் கேட்பதில்லை. பாட்டிலைப் பார்ப்பதில்லை. எத்தனை யூனிட் உள்ளே போனது என்பது தெரியாது. போல்ட்டுக்குக் கேட்கும் கேள்வியை முகத்துக்குக் கேட்காமல் விடுவது என்ன நியாயம்?

நஞ்சு மருந்தான கதை

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கெட்டுப்போன தொத்திறைச்சி சாப்பிட்டவர்கள் கண் இமை தொங்கி, பேச்சு குழறி, மூச்சு நின்று செத்தார்கள். யுஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர் இந்த நோயை விரிவாக எழுதி வைத்தார். லத்தீன் மொழியில் போட்டுலஸ் என்றால் தொத்திறைச்சி. பெயர் அங்கிருந்து வந்தது. 1895-ல் பெல்ஜியத்தில் ஓர் இறுதிச் சடங்கு விருந்தில் பன்றி இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு இதே நோய் வந்தது. எமில் வான் எர்மெங்கம் அதை ஆராய்ந்து, நஞ்சைச் சுரக்கும் கிருமியைக் கண்டுபிடித்தார்.

நரம்பு முனையில் இருந்து தசைக்குப் போகும் கட்டளையை இந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. கட்டளை வராத தசை சுருங்காது. மாறுகண் நோய்க்கு இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் காட்டினார். 1989-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. கனடாவின் வான்கூவரில் ஜீன் கேரதர்ஸ், அலஸ்டர் கேரதர்ஸ் என்ற மருத்துவத் தம்பதி, புருவங்களுக்கு நடுவே விழும் கோடுகளும் இந்த ஊசியால் மறைவதை 1992-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2002-ல் அழகுக்காகவும் போடலாம் என்று அனுமதி வந்தது. மாறுகண்ணுக்கு வந்த மருந்து கோடிகள் புரளும் வியாபாரமானது.

ஆக, இது கிரீம் இல்லை, பேஷியல் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் விற்கக் கூடாத மருந்து. சில பார்லர்களில் 'ஹேர் போடாக்ஸ்' என்று பலகை வைக்கிறார்களே, அதில் இந்த நஞ்சு துளியும் கிடையாது. அது முடிக்குப் பூசும் சமாச்சாரம். அதே பலகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முகத்துக்குப் போடும் ஊசியும் முடிக்குப் பூசும் கிரீமும் ஒரே சாதி என்று தோன்றிவிடுகிறது. இந்தப் பெயர் மயக்கமே பாதி ஆபத்து!

எது நல்லது என்ற தப்பான கேள்வி

போடாக்ஸ், டிஸ்போர்ட், ஜியோமின் என்ற மூன்றும் பழைய பெயர்கள். கொரியாவில் இருந்து நபோட்டா, லெட்டிபோ வந்தன. அமெரிக்காவில் 2022-ல் டாக்ஸிஃபை அனுமதி பெற்றது. விளம்பரங்களைப் படித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அற்புதம். உள்ளே இருப்பதோ எல்லாவற்றிலும் ஏ வகை போட்டுலினம் டாக்ஸின்தான். இரண்டு மூன்று நாளில் வேலை செய்ய ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும். டாக்ஸிஃபை மட்டும் கொஞ்சம் கூடுதலாக, ஆறு மாதம் வரை நிற்கலாம் என்கிறார்கள்.

வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆனால் விளம்பரம் சொல்லும் இடத்தில் இல்லை.

முதல் வித்தியாசம் யூனிட். கிலோ என்றால் எந்தக் கடையிலும் கிலோதான். இந்த ஊசிகளின் யூனிட் அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி அளவுகோல். புருவ நடுக்கோட்டுக்குப் போடாக்ஸில் 20 யூனிட் என்றால் டிஸ்போர்ட்டில் 50 யூனிட், டாக்ஸிஃபையில் 40 யூனிட். ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஊற்ற முடியாது என்று மருந்தின் லேபிளிலேயே எழுதியிருக்கிறது. இப்போது விளம்பரத்தைப் பாருங்கள். "யூனிட் விலை பாதிதான்!" யூனிட் விலை பாதி, ஆனால் தேவைப்படுவது இரண்டரை மடங்கு யூனிட். கணக்கில் லாபம் யாருக்கு? லிட்டர் விலையைச் சொல்லாமல் 'ஒரு டம்ளர் இவ்வளவு' என்று பால் விற்றால் சும்மா விடுவார்களா?

இரண்டாவது வித்தியாசம் சூடு. போடாக்ஸும் டிஸ்போர்ட்டும் 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சியில் இருக்க வேண்டியவை. ஜியோமின் பிரிக்காத நிலையில் 25 டிகிரி வரை தாங்கும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. எங்கிருந்து வந்தது, ஐஸ் பெட்டியில் வந்ததா, பைக்கின் சைடு பையில் வந்ததா, இரவு கரண்ட் போனபோது ஃபிரிட்ஜ் என்ன ஆனது... எந்தப் பிராண்டு என்பதைவிட இவை முக்கியம். சலைனில் கரைத்த பிறகு பெரும்பாலானவற்றுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். போடாக்ஸ் லேபிள்படி 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஒரு பாட்டில் ஒருவருக்கு மட்டுமே. போன வாரம் கரைத்த பாட்டிலில் மிச்சத்தை இந்த வாரம் 'ஆஃபர்' என்று கொடுத்தால் அது ஆஃபர் இல்லை, கழிவு.

மூன்றாவது வித்தியாசம் உடம்பு. டிஸ்போர்ட்டில் லாக்டோஸ் சேர்க்கிறார்கள். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடக் கூடாது. தசைக்களைப்பு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்கு எந்தப் பிராண்டும் ஆபத்து. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போட வேண்டும். ஜென்டாமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் ஊசிகள் இந்த நஞ்சின் வேகத்தைக் கூட்டிவிடும். இதையெல்லாம் விசாரிக்காமல் ஊசியைக் கையில் எடுப்பவர் எந்தப் பிராண்டை வைத்திருந்தால் என்ன?

மற்றபடி ஒன்று கொஞ்சம் சீக்கிரம் வேலை செய்கிறது, ஒன்று கொஞ்சம் அதிகம் பரவுகிறது என்ற பேச்சு எல்லாம் பெரும்பாலும் எவ்வளவு நீரில் கரைத்தார்கள், எந்தத் தசையில், எந்த ஆழத்தில் குத்தினார்கள் என்பதில் போய் முடியும். அதாவது, பிராண்டில் இல்லை, போடுகிற கையில் இருக்கிறது.

பேட்ச் நம்பர் தெரியாவிட்டால் என்ன ஆகும்?

2004 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில் நான்கு பேர் மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்குப் போய் வென்டிலேட்டரில் கிடந்தார்கள். அவர்களுக்குப் போட்டது ஆராய்ச்சிக்கூடத்துக்காகச் செய்த நஞ்சு. மனித உடம்பில் போடுவதற்கானதே அல்ல. அந்த நால்வரில் ஒருவர் ஊசி போட்ட மருத்துவரே! பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதில் போட்டவருக்கே தெளிவு இல்லை என்றால் போட்டுக்கொண்டவர் கதி என்ன?

இருபது வருடம் கழித்தும் கதை மாறவில்லை. 2024 ஏப்ரலில் போலிப் போடாக்ஸ் பற்றி எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. பல மாநிலங்களில் ஊசி போட்டவர்களுக்குப் பார்வை மங்கி, விழுங்க முடியாமல் போனது. எச்சரிக்கையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? பேட்ச் நம்பரைச் சொன்னார்கள். பெட்டியில் 150 யூனிட் என்று அச்சடித்திருந்தால் அது போலி, ஏனென்றால் அந்த நிறுவனம் 150 யூனிட் பாட்டிலைச் செய்வதே இல்லை என்றார்கள். பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவருக்கு ஒரு நிமிடத்தில் விடை. பார்க்காதவருக்கு? 2025-ல் இங்கிலாந்திலும் இதே போல் பலர் உரிமம் இல்லாத ஊசியால் பாதிக்கப்பட்டார்கள்.

கார் ஆலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பிரேக் பாகத்தில் கோளாறு என்றால் பேட்ச் நம்பரை வைத்து அந்தப் பாகம் போன ஒவ்வொரு காரையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள். பதிவு இல்லாத பாகத்தை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? பதிவு இல்லாத ஊசி போட்ட முகத்தை யார் கூப்பிடுவார்கள்?

இன்னொன்று. கன்னத்தில், உதட்டில் போடும் ஹயலூரோனிக் அமில ஃபில்லர் தப்பாகப் போனால் அதைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறது. இந்த ஊசிக்கு அப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது. இமை தொங்கிவிட்டால் வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் வழி. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கூலிங்கிளாஸ் போட்டு மறைக்கிற சங்கதி. மைக்ராஸ்கோப்பில் போர்டு பார்க்கும் பெண்ணுக்கும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இளைஞருக்கும் அது வேலை. சம்பளம்!

"டாக்டரையே கேள்வி கேட்பதா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. 2016-ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார். அவரே மருத்துவ மாணவர். அந்த இடத்துக்கு சலூன் நடத்த மட்டுமே அனுமதி இருந்தது என்று பிறகு செய்தி வந்தது. மருத்துவம் படித்தவரையே பளபளப்பான வரவேற்பறை ஏமாற்றிவிடும் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்? கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆலையில் ஆடிட் வருகிறவர் மேனேஜரை அவமானப்படுத்தவா வருகிறார்? நல்ல மருத்துவர் பாட்டிலைத் தானே எடுத்துக் காட்டுவார். காட்டத் தயங்குகிறவரிடம் இருந்து எழுந்து வருவதே உத்தமம்.

கேட்க வேண்டியவை ஐந்தே ஐந்து. போடுகிறவர் பதிவு பெற்ற மருத்துவரா, தோல் நோயிலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ படிப்பு உண்டா? பாட்டில் கண் முன்னால் பிரிக்கப்படுகிறதா? பெட்டியில் கம்பெனி பெயர், இறக்குமதியாளர் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி இருக்கிறதா? எந்த இடத்தில் எத்தனை யூனிட் போட்டார்கள் என்று எழுதிக் கொடுப்பார்களா? பிரச்சினை என்றால் அடுத்த வாரம் அதே ஆள் அங்கே இருப்பாரா? இவற்றோடு பில். அழகுக்கான சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. "பில் வேண்டாம்னா குறைச்சுக்கறோம்" என்று சொல்கிறவர் குறைப்பது வரியை மட்டும் அல்ல. நாளைக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய ஒரே சாட்சியையும் சேர்த்துக் குறைக்கிறார்.

"இந்த ஆசையே எதற்கு?"

இது மறுபக்கத்துக் கூட்டம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும், ஊசி எதற்கு என்று உபதேசம் செய்கிறார்கள். சம்பாதிக்கிற பெண் தன் காசில் தன் முகத்துக்கு என்ன செய்துகொண்டால் இவர்களுக்கு என்ன? தலைக்கு டை அடிக்கும் ஆண்களிடம் இந்த உபதேசம் போவதில்லையே! ஆசையைக் கேலி செய்வதால் யாரும் ஆசையை விடுவதில்லை. வெட்கப்பட்டு ரகசியமாகப் போகிறார்கள். ரகசியமாகப் போகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. கேலி செய்கிறவர்கள் போலி மருந்துக்காரனுக்குத்தான் உதவி செய்கிறார்கள்.

ஆனால் அந்த ஆசை எங்கிருந்து முளைக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுக்கும் விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றை நீக்கச் சொல்லி ஏஜென்ட்டுகளுக்கு அந்த நிறுவனம் உத்தரவு போட்டதாக அதே ஆண்டு நவம்பரில் அடுத்த செய்தி வந்தது. அப்படியானால் அதுவரை விளம்பரத்தில் என்ன இருந்தது? முப்பதை நெருங்குவதே குற்றம் போலப் பார்க்கும் இடத்தில், நெற்றிக்கோட்டைப் பார்த்துப் பயம் வருவதில் என்ன ஆச்சரியம்? ஆனால் ஒன்று. எந்த ஊசியும் ஆதார் அட்டையில் இருக்கும் பிறந்த தேதியை மாற்றாது. அந்தப் பயத்துக்கு மருந்து ஊசியில் இல்லை, சட்டத்திலும் சங்கத்திலும் இருக்கிறது.

அந்தப் பயத்தை விற்றுக் காசாக்க 'வருமுன் காக்கும் போடாக்ஸ்' என்று இருபத்தைந்து வயதிலேயே ஊசி போடச் சொல்லும் வியாபாரம் வேறு. கருப்பும் மாநிறமுமான தோலில் மெலனின் அதிகம் என்பதால் வெள்ளைத் தோலைவிடச் சுருக்கம் தாமதமாகவே விழும். வெள்ளைக்காரர்களின் பயத்தை இங்கே இறக்குமதி செய்ய என்ன அவசியம்? தசை அசையும்போது விழும் கோட்டைத்தான் இந்த ஊசி தளர்த்தும். வெயிலில் காய்ந்த தோலுக்கும் கரும்புள்ளிக்கும் இதனால் பயன் இல்லை. ஒரகடம் சாலையில் தினமும் பைக்கில் போகிறவருக்கு ஹெல்மெட் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் செய்யும் உதவி மலிவானது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துப் புருவத்தில் கோடு விழுந்திருந்தால், முதலில் பார்க்க வேண்டியது கண் மருத்துவரை! ஊசிகளுக்குள் தேர்ந்தெடுக்கும்போது, எதுவும் வேண்டாம் என்பதும் பட்டியலில் உள்ள ஒரு தேர்வுதான்.

கேட்டுப் பழகிய ஊர்

2021 டிசம்பரில் இந்த வட்டாரம் ஒரு பாடம் நடத்தியது. விடுதிச் சாப்பாடு விஷமாகி ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று சரியான பதில் வராதபோது அந்தப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்தார்கள். ஆலை நின்றது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. தட்டில் விழுந்த சோறு எங்கிருந்து வந்தது, எப்படிச் சமைத்தது என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. கேட்டார்கள். பதில் வந்தது.

தட்டில் வரும் விஷத்துக்கு அவ்வளவு கேள்வி கேட்டவர்கள், காசு கொடுத்து முகத்தில் ஏற்றிக்கொள்ளும் விஷத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டாமா? போடாக்ஸா, டிஸ்போர்ட்டா, கொரியாவா என்ற பட்டிமன்றம் விற்பவர்களுக்கு வசதியானது. பெயரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தால் பாட்டிலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அந்தப் பட்டிமன்றத்தைக் கலைத்துவிட்டு, "பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க" என்று ஒருவர் கேட்டால் போதும். அடுத்தவரும் கேட்பார். பத்துப் பேர் கேட்டால் போலிக்காரன் கடையைக் கட்டுவான்.

பேட்ச் நம்பர் இல்லாத போல்ட்டை லைனில் ஏற்றாத கைகள் இவை. பேட்ச் நம்பர் இல்லாத ஊசியை முகத்தில் ஏற்றலாமா?